எர்ணாவூர் மனையை விற்கலாமா? வடசென்னைக் கடற்கரையில் இனி என்ன பிழைப்பு?

காலடிப்பேட்டைக்காரன் | சனி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். அப்பா விட்டுச் சென்ற ஒரு கிரவுண்டு மனை எர்ணாவூரில் இருக்கிறது. பட்டா அக்கா பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. அக்கா வீட்டு மாமா ஒரு மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "இந்தப் பக்கம் இனி ஏறாது தம்பி. விற்றுவிட்டுத் தெற்கே நாவலூர்ப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் போடு."

விலை, தரகுக் கூலி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் கேள்வி வேறு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்குமான இந்தக் கடற்கரையில் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பு இருக்குமா?

நான் ராஜாஜி சாலையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு வாரத்தில் என் மேசையைத் தாண்டிப் போகும் சரக்கின் மதிப்பு, எங்கள் தெருவில் இருக்கும் எல்லா வீடுகளையும் வாங்கப் போதும். ஆனால் மாலையில் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறேன். மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர், பட்டம் படித்த பையன்கள் கன்டெய்னர் கிடங்கு வாசலில் காவலாளி வேலை. சரக்குக்கும் தெருவுக்கும் நடுவில் பணம் எங்கே இறங்கிவிடுகிறது என்று எனக்குப் புரிவதே இல்லை.

அப்பா விம்கோ தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. அந்தப் பெயர் இப்போது மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. போன வாரம் மெட்ரோவில் வரும்போது சின்னவன் கேட்டான், "விம்கோ என்றால் என்ன அப்பா?" தாத்தா வேலை பார்த்த இடம் என்றேன். "தாத்தா மெட்ரோவிலா வேலை பார்த்தார்?" என்றான்.

தெற்குவாசி | சனி, இரவு 9:32

விற்றுவிடுங்கள். உணர்ச்சி வேறு, முதலீடு வேறு. காற்றில் கந்தக நாற்றம் அடிக்கும் இடத்துக்கு யார் குடிவருவார்கள்?

புதுவண்ணை வளவன் | சனி, இரவு 10:05

தெற்குவாசி அவர்களே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மேடாக்கி அதன்மேல் குடியிருப்பவர்கள் காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் பாடம் எடுக்க வேண்டாம்.

காலடிப்பேட்டை நண்பருக்கு: இப்போது விற்பது பெரிய தவறு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மெட்ரோ வந்துவிட்டது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை போடுகிறார்கள். துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலம் ஈரடுக்காக எழும்புகிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி என்றார்கள். 2024 மார்ச்சில் தொடங்கும்போது அது 4,181 கோடியாகிவிட்டது. நூறு ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத பகுதிக்கு இவ்வளவும் ஒரே சமயத்தில் வருகின்றன. இன்னும் ஐந்து ஆண்டு பொறுங்கள். மாமாவே வந்து உங்களிடம் மனை கேட்பார்.

பழைய ஹார்பர்க்காரர் | ஞாயிறு, காலை 6:15

வளவன் தம்பிக்கு ஒரு சின்னத் திருத்தம். நூறு ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது தவறு. எல்லோரும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் எழுந்தது பெரம்பூர் ஆலைகளில். லாரி, மோட்டார் சைக்கிள், டயர், உரம், பெட்ரோல், மின்சாரம் என்று இந்நகரம் எதை விற்றுப் பிழைத்ததோ அதெல்லாம் இங்கே உண்டாக்கியதுதான். தொழிற்சாலை இல்லாத குறை வடசென்னைக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. நம் கடற்கரையில் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1876இல் கடலுக்குள் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை ஒரு முறை பெயர்த்துப் போட்டது, மீண்டும் கட்டினார்கள். சுவர் நின்றது, வடக்கே போக வேண்டிய மணலும் நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து இல்லாமல் கடல் ஊரைத் தின்றது. மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் உட்காரும் மணல், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டிய மணல். அங்கே அலையைப் பார்க்க மக்கள் போகிறார்கள். இங்கே அலை வீட்டுக்குள் வந்துவிடாமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறோம். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்குப் போகிறவர்கள் கடல் இன்று எவ்வளவு அருகில் நிற்கிறது என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

நகரத்தின் செலவுக் கணக்கு இந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது, வரவுக் கணக்கு வேறு பக்கத்தில். நிலக்கரி கதையும் அதேதான். துறைமுகத்தில் இறங்கிய கரித்தூளில் ராயபுரத்து மொட்டைமாடிகள் கறுத்தன. வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2011இல் கரியும் இரும்புத்தாதுவும் சென்னைத் துறைமுகத்தைவிட்டுப் போயின. எங்கே போயின? பதினைந்து மைல் வடக்கே, எண்ணூருக்கு. ராயபுரத்துத் துணி வெளுத்தது, எண்ணூர்த் துணி கறுத்தது.

வேலையைப் பற்றியும் கேட்டீர்கள். நான் சேர்ந்த காலத்தில் ஒரு கப்பலில் மூட்டை இறக்க ஆட்கள் கும்பல் கும்பலாக இறங்குவார்கள். கப்பல் வந்தால் காசிமேடு வரை ஓட்டல்களில் சோறு தீர்ந்துவிடும். இன்று அதைவிடப் பெரிய கப்பலைக் கிரேன்காரர்கள் சிலர் காலி செய்துவிடுகிறார்கள். கன்டெய்னர் பெட்டி திறக்கப்படுவது ஆலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ. நம் தெரு வழியாகப் பெட்டி போகிறது, அவ்வளவுதான். காலடிப்பேட்டைத் தம்பி கேட்டாரே, பணம் எங்கே இறங்குகிறது என்று. பெட்டி எங்கே திறக்கப்படுகிறதோ அங்கே இறங்குகிறது.

இரண்டு டிரெய்லர் | ஞாயிறு, காலை 8:40

ஹார்பர் ஐயா சொன்னதில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. பெட்டி போகும் வழியில் நாங்கள் இருக்கிறோம். நான்கு டிரெய்லர் வைத்திருந்தேன், இப்போது இரண்டுதான்.

எங்கள் தொழிலில் லாபம் கிலோமீட்டரில் இல்லை, நடையில் இருக்கிறது. மாதம் பன்னிரண்டு நடை ஓடினால் தவணை, டயர், டிரைவர் பேட்டா எல்லாம் போக வீட்டுக்கு ஏதாவது மிஞ்சும். எட்டு நடைதான் என்றால் தவணைக்கே வட்டிக்கு வாங்க வேண்டும். இடையில் உள்ள அந்த நான்கு நடையை எது தின்கிறது என்றால், வரிசை. மோசமான நாட்களில் எண்ணூர் விரைவுச் சாலையில் என் வண்டி இரண்டு இரவு, ஒரு பகல் அசையாமல் நின்றிருக்கிறது. டிரைவர் வண்டியைவிட்டு இறங்க முடியாது. இறங்கினால் டீசல் போய்விடும், இல்லையென்றால் பேட்டரி போய்விடும். குளிக்க வழியில்லை. கழிப்பறையைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

அந்த வரிசையை நம்பியும் ஒரு பொருளாதாரம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அம்மாள் மகளோடு சாலையோரம் இட்லிக் குண்டானும் டீ பாய்லரும் வைத்திருந்தார். நள்ளிரவு இரண்டு மணிக்கும் சூடாக இட்லி கிடைக்கும். சாலையை அகலப்படுத்திய பிறகு வரிசை குறைந்தது. எனக்கு மகிழ்ச்சி. ஒரு நாள் அந்த அம்மாள் கேட்டார், "இப்போதெல்லாம் வண்டி நிற்பதே இல்லையே அண்ணா, சாலையை இப்படியே வைத்துவிடுவார்களா?" என்ன பதில் சொல்வது? "மழைக்காலம் வரட்டும் அம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வளவன், மேம்பாலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதற்கு முதல் அடிக்கல் 2009இல் நாட்டினார்கள். பிறகு கூவத்துக்குள் தூண்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022இல் இரண்டாம் அடிக்கல். என் மூத்த மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது முதல் கல், அவன் கல்லூரி போகும்போது இரண்டாவது கல். பாலம் வந்தால் எனக்குத்தான் முதல் லாபம். ஆனால் வரும் என்று கடன் வாங்க மாட்டேன்.

காசிமேடு மகள் | ஞாயிறு, பிற்பகல் 1:20

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கப்பல், பெட்டி, பாலம், மனை. மீன் என்ற சொல் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதை எழுதிய அத்தனை பேர் வீட்டிலும் இன்று மீன் குழம்பாகத்தான் இருக்கும்.

என் அம்மா இருபத்தேழு ஆண்டுகளாகக் காசிமேட்டில் ஏலம் எடுத்து விற்பவர். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். அதனால் இரண்டு பக்கக் கணக்கும் எனக்குத் தெரியும். காலை மூன்று மணிக்கு ஏலத்தில் நிற்க அம்மாவுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். வங்கி அந்த நேரத்தில் தூங்குகிறது, தண்டல்காரர் விழித்திருக்கிறார். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐநூறு கொடுப்பார். நூறு நாளைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கட்ட வேண்டும். மழையோ புயலோ அந்த நூறு தவறக் கூடாது. நான் வட்டி விகிதம் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அவன் வாசலுக்கு வருகிறான், உன் வங்கி வருகிறதா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

படகுக்காரர் நிலையும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு விசைப்படகு ஒரு வாரத்துக்கு மேல் கடலில் தங்க டீசல், ஐஸ், அரிசி, ஆட்களுக்கு முன்பணம் எல்லாம் வேண்டும். அதை வியாபாரி கொடுக்கிறார். கொடுத்தவருக்கே மீனை விற்க வேண்டும். அப்புறம் ஏலம் என்பது பாதி நாடகம்தான். கணவாயும் இறாலும் கரையேறுவதற்கு முன்பே யாருக்கு என்று முடிவாகியிருக்கும். அவை லாரி ஏறி வெளியூர் ஆலைகளுக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, உறையவைக்கப்பட்டு, கப்பலேறுகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது படகைப் பழுதுபார்க்க வாங்கும் கடன் அடுத்த ஏப்ரல் வரை தொடரும்.

மீன் இங்கேதான் கரையேறுகிறது. சுத்தம் செய்யும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. ஆனால் ஒரு கிலோ கணவாயில் அதிகக் காசு சேரும் கட்டம் மட்டும் வேறு ஊரில் நடக்கிறது. ஹார்பர் தாத்தா சொன்ன பெட்டிக் கதைதான் இதுவும். 2025இல் திருவொற்றியூரில் சூரை மீன்பிடிப்புக்கென்றே தனித் துறைமுகம் திறந்தார்கள். நல்லது. சூரை பிடித்த நிமிடத்திலிருந்து ஐஸில் இருக்க வேண்டிய மீன். கரையில் குளிரறை இல்லாவிட்டால் கருவாட்டு விலைக்குத்தான் போகும்.

புதுவண்ணை வளவன் | ஞாயிறு, பிற்பகல் 2:02

அக்கா, நீங்கள் சொல்வதும் வளர்ச்சி வேண்டும் என்றுதானே? குளிரறைக்கு மின்சாரம் வேண்டும், சாலை வேண்டும், முதலீடு வேண்டும். எல்லாவற்றுக்கும் குறை சொன்னால் யார் வருவார்கள்? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தையும் இப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உலகில் எந்தத் துறைமுக நகரம் ஏழையாக இருக்கிறது, சொல்லுங்கள்.

முகத்துவாரத்தான் | ஞாயிறு, மாலை 5:45

வளவன் தம்பி, நகரம் ஏழை என்று யாரும் சொல்லவில்லை. குப்பத்தைத்தான் சொல்கிறோம்.

நான் எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போடுகிறவன். எங்களுக்குத் துறைமுகம் பகை இல்லை. என் தம்பி மகன் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. எங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வல்லூரில் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளில் 1,830. அதற்குப் பின் 800 மெகாவாட்டில் இன்னொன்று. 2017இல் மூடிய பழைய எண்ணூர் நிலையத்தின் 450ஐக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பக்கம் காமராஜர் துறைமுகம் என்கிற எண்ணூர்த் துறைமுகம், ஒரு பக்கம் காட்டுப்பள்ளி. நடுவில் எங்கள் ஆறு.

ஆறு என்றால் எங்களுக்கு வயல். இறாலும் மடவை மீனும் குட்டியாக வந்து வளரும் இடம் சேறும் கண்டல் மரங்களும்தான். நான் சிறுவனாக இருந்தபோது பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடித்துப் பறிக்கூடையில் போடுவார்கள். வலைகூட வேண்டாம். இப்போது அதே இடத்தில் கை விட்டால் சாம்பல் வருகிறது, சிமெண்டுக் குழம்பு மாதிரி. அதன்மேல் காக்கா ஆழி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிப்பி. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் நிரப்பும் நீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். கம்பளம் விரித்த மாதிரி ஆற்றுத் தரையை மூடிவிடும். அதன் அடியில் மட்டியும் வளராது, இறாலும் புதையாது. மிதித்தால் கால் கிழியும். கடல் கடந்து எங்கள் ஆற்றுக்கு வந்த ஒரே அந்நிய முதலீடு அதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. வலை, படகு, வாசற்படி, கோழி எல்லாம் கறுப்பு. நான் பீப்பாயும் முகமூடியும் கொண்டு போய் ஆற்றிலிருந்து எண்ணெயை மொண்டு ஊற்றினேன். அந்த வலையை எரிக்கத்தான் வேண்டியிருந்தது. பிறகு மூன்று மாதம் எங்கள் மீன் என்று சொன்னாலே சந்தையில் கூடையைத் தள்ளி வைத்தார்கள்.

காட்டுப்பள்ளியைப் பற்றிச் சொன்னீர்கள். 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் அது. மீனவன் வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் எங்களை விடுங்கள், மணலியை நினையுங்கள். பூண்டி நிரம்பினால் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலையாற்றில் இறங்கி, மணலியை ஒட்டி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வாய்க்கு அருகே மண் கொட்டி இடத்தைக் குறுக்கினால் தண்ணீர் எங்கே போகும்? ஆலைக்குள் போகும், புதுநகருக்குள் போகும், இந்த நண்பரின் எர்ணாவூர் மனைக்குள்ளும் போகும். முகத்துவாரம் மீனவனுக்கு வயல், வடசென்னை முழுவதுக்கும் வடிகால். மனை விலை பேசுகிறவர்கள் முதலில் அதன் ஆழத்தைக் கேட்க வேண்டும்.

புதுவண்ணை வளவன் | ஞாயிறு, மாலை 6:30

வெள்ளம் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மூடிவிட முடியுமா? வேலைக்கு எங்கே போவது?

மணலி புதுநகர் அம்மா | ஞாயிறு, இரவு 8:15

மூடச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை தம்பி. வேலை என்று கேட்டதால் என் மகன் கதையைச் சொல்கிறேன். ஐடிஐ முடித்தான். நகையை வைத்துக் கன்டெய்னர் தூக்கும் ரீச் ஸ்டேக்கர் ஓட்டப் பயிற்சி கொடுத்தோம். சான்றிதழோடு வீட்டைச் சுற்றியுள்ள கிடங்குகள், முனையங்கள் என்று ஒரு வருடம் அலைந்தான். "ஒப்பந்தக்காரரிடம் கேள்" என்பார்கள். ஒப்பந்தக்காரர் "அனுபவம் இருக்கிறதா?" என்பார். கடைசியில் குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிரேன் தெரிகிறது. பிள்ளை இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் அதே கிரேனுக்குக் கீழே வேலை செய்கிறான். அங்கிருந்து வந்த பையன்கள் இங்கே எங்கள் தெருவில் பத்துப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் அம்மாவும் என்னை மாதிரித்தான் போனுக்குக் காத்திருப்பாள். உள்ளூர்ப் பிள்ளை என்றால் சங்கம் வைப்பான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்பான், அதனால் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு மேஸ்திரி என் முகத்துக்கு நேரே சொன்னார்.

பழைய ஹார்பர்க்காரர் | ஞாயிறு, இரவு 8:50

அம்மா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கடற்கரையின் வளர்ச்சியை டன்னிலும் மெகாவாட்டிலும் அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் எப்போதோ வளர்ந்துவிட்டோம். தெருவில் எவ்வளவு கூலி இறங்கியது என்று அளந்தால்தான் காலடிப்பேட்டைத் தம்பிக்கு விடை கிடைக்கும். அந்த அளவுகோலை யாரும் கையில் எடுப்பதில்லை.

காலடிப்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் நன்றி. இன்று அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. முகத்துவாரத்து அண்ணன் சொன்ன பிறகு மனையைப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சுவரில் 2023 வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. தரகர் இதைச் சொல்லவே இல்லை. விற்பவன் நான் என்பதால் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லைதான்.

இப்போதைக்கு விற்கவில்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன், மூன்று நாளைக்குப் பேச மாட்டார். இன்னொரு எண்ணம் தோன்றுகிறது. காசிமேடு சகோதரி சொன்ன குளிரறை. மனையை மூன்றடி உயர்த்தி, சின்னதாக ஒன்று போட்டு, மீனைச் சுத்தம் செய்து பொட்டலமாக்கி நகரத்துக்குள் அனுப்பினால் நடக்குமா? ஏற்றுமதிக் காகிதங்கள் எனக்குத் தண்ணீர் பட்டபாடு. மீனைப் பற்றித் தின்பதைத் தவிர ஒன்றும் தெரியாது.

இரண்டு டிரெய்லர் | திங்கள், இரவு 9:55

வண்டி வேண்டும் என்றால் சொல்லுங்கள். குளிர்பெட்டி வண்டி சின்னதாக ஒன்று விலைக்கு வருகிறது. ஆனால் முதலில் கடன் வாங்காதீர்கள்.

காசிமேடு மகள் | திங்கள், இரவு 10:20

முதலில் கட்டடம் கட்டாதீர்கள். மூன்று மாதம் வாடகைக்கு இரண்டு ஐஸ் பெட்டி வைத்து நடத்திப் பாருங்கள். மின்கட்டணத்துக்குப் பயப்படுவதைவிட மீன் வராத நாளுக்குப் பயப்படுங்கள். தடைக்காலத்தில் உங்கள் குளிரறை வெறும் அலமாரி. சுத்தம் செய்ய ஆள் தேடி அலைய வேண்டாம், அம்மாவோடு ஏலத்தில் நிற்கும் நான்கைந்து பேருக்குப் பத்து மணிக்கு மேல் கை சும்மாதான் இருக்கிறது. ஆனால் தினக்கூலி அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும், தண்டல் கட்டுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு வாருங்கள். ஞாயிறு வேண்டாம், ஊரே வரும், விலை உங்களுக்குப் புரியாது. சட்டைப்பையில் போன் வைக்காதீர்கள், குனியும்போது தண்ணீரில் விழும். ரப்பர் செருப்புப் போட்டு வாருங்கள். வந்ததும் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டால் தெற்கிலிருந்து வந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கானாங்கெளுத்தி கூடை என்ன போகிறது என்று கேளுங்கள். அம்மா ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்கு வலப்பக்கம் நீலக் கூடையோடு நிற்பார். என் பெயரைச் சொல்ல வேண்டாம், வங்கிக்காரி அனுப்பினாள் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.